கருவிழியில் ஓயாத இறைப்பு

தமிழில் கருவிழி என்று வழங்கும் உறுப்புக்குக் கருமை கிடையாது. கைக்கடிகாரத்தின் முகப்பில் பதித்த வளைந்த கண்ணாடியைப் போலக் கண்ணின் முன்புறத்தில் அமைந்திருக்கும் அந்தப் படலம் நிறமற்றது என்பதால்தான், அதன் பின்னால் உள்ள ஐரிஸ் என்னும் நிறத்திரையும் அத்திரையின் நடுவில் உள்ள பாவையின் இருளும் வெளியே தெரிகின்றன. அந்த இருளின் பெயர் முன்னால் உள்ள படலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பாடநூல்கள் சிலவற்றில் இதே உறுப்பு விழிவெண்படலம் எனப்படுகிறது. ஒரு பெயர் கருமையைச் சொல்ல, மற்றொரு பெயர் வெண்மையைச் சொல்ல, உறுப்போ இரண்டுமற்றதாக இருக்கிறது. அது உண்மையாகவே வெளுத்துப்போவது நோயில்தான்; 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊர்ப்பேச்சில் சொல்லப்படுவது பல வேளைகளில் அந்த நிலையையே குறிக்கிறது. கண்ணாடிக்குத் தெளிவு இயல்பாக அமைகிறது. கருவிழி அதை நிமிடந்தோறும் உழைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பின் பெரும்பங்கு, படலத்தின் பின்புறத்தில் ஒரே வரிசையாகப் பரவியிருக்கும் சில இலட்சம் செல்களுடையது.

மனிதரின் கருவிழி நடுப்பகுதியில் ஏறத்தாழ 540 மைக்ரான் தடிப்புடையது; மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால், மொத்தத் தடிப்பும் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. கண்ணீர் படும் வெளிப்பக்கத்தில் ஐந்தாறு வரிசைச் செல்களால் ஆன, எபிதீலியம் எனப்படும் மேலடுக்கு சுமார் 50 மைக்ரான் அளவுக்கு அமைந்திருக்கிறது. கண்ணுக்குள் ஊறும் தெளிந்த நீர்மமான முன்விழித் திரவம் படும் உட்பக்கத்தில், எண்டோதீலியம் எனப்படும் உள்ளடுக்கு, டெசிமெட் படலம் என்னும் மெல்லிய சவ்வின்மேல் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கிறது. அதன் தடிப்பு 5 மைக்ரான் அளவே. இவ்விரண்டு அடுக்குகளுக்கும் இடைப்பட்ட, ஸ்ட்ரோமா எனப்படும் நடுப்படலமே கருவிழியின் பத்தில் ஒன்பது பங்கு. அதில் செல்கள் குறைவு. கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன நுண்ணிழைகள் பாய் பாயாக அடுக்கப்பட்டு, ஒரு பாயின் இழைகள் செல்லும் திசைக்குக் குறுக்காக அடுத்த பாயின் இழைகள் செல்லும்படி இருநூறுக்கும் மேற்பட்ட தட்டுகளாக அமைந்துள்ளன.

தோலிலும் தசைநாணிலும் இருக்கும் அதே கொலாஜன்தான் இங்கும் இருக்கிறது என்றால், தோல் ஒளிபுகாததாகவும் கருவிழி ஒளிபுகுவதாகவும் இருப்பது எதனால் என்ற கேள்விக்கு, இலண்டனில் பணியாற்றிய டேவிட் மாரிஸ் 1957-இல் ஒரு விடை தந்தார். கருவிழியின் இழைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 நானோமீட்டர் விட்டமுடையவை. ஒன்றின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடையே 60 நானோமீட்டர் அளவு தொலைவு உள்ளது. ஒவ்வொரு இழையும் தன்மேல் விழும் ஒளியைச் சிறிது சிதறடித்தாலும், இழைகள் ஒழுங்கான இடைவெளியில் நிற்பதால் பக்கவாட்டில் சிதறும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நேராகச் செல்லும் ஒளி மட்டும் குறைவின்றிப் போய்ச் சேர்கிறது என்பது அவர் விளக்கம். பத்தாண்டுகள் கழித்து கோல்ட்மேன், பெனடெக் என்னும் இருவர், படிகத்தைப் போன்ற அத்தனை கறாரான ஒழுங்கு தேவையில்லை என்றும், ஒளியின் அலைநீளத்தில் பாதியளவுக்குமேல் பெரிய வெற்றிடங்கள் இழைகளுக்கு நடுவே உண்டாகாமல் இருந்தால் போதும் என்றும் அதைத் திருத்தினர். கருவிழி நீர் கோத்து உப்பும்போது நிகழ்வது அதுவே: இழைகள் ஒதுங்கி, நடுநடுவே நீர் மட்டுமே தேங்கிய சிறு குட்டைகள் தோன்றுகின்றன, அவற்றின் அகலம் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாக ஆனவுடன் ஒளி சிதறுகிறது, படலம் மங்கலாகிறது.

நீர் கோப்பதற்கான நாட்டம் நடுப்படலத்தின் பிறவிக்குணம். கொலாஜன் இழைகளுக்கு இடையே, புரதத் தண்டில் சீப்பின் பற்களைப்போல நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் பொருந்திய மூலக்கூறுகள் நிறைந்துள்ளன. கெரட்டன் சல்பேட் என்பது அச்சங்கிலிகளில் முதன்மையானது. சல்பேட் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் உடையவை என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நேர்மின்னூட்டமுள்ள சோடியம் அயனிகளைத் தம்மருகே பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த அயனிகளைத் தொடர்ந்து நீரும் உள்ளே வருகிறது. மின்னூட்டம் பெற்ற அணு அல்லது அணுத்தொகுதியே அயனி என்பது பள்ளிப்பாடம். சர்பத்தில் போடும் சப்ஜா விதை சில நிமிடங்களில் வழுவழுப்பான உறை சூழ ஊதிப்போவதும் ஏறத்தாழ இவ்வகைச் சர்க்கரைச் சங்கிலிகளின் நீர்நாட்டத்தால்தான். கண்ணிலிருந்து பிரித்தெடுத்த நடுப்படலத்தைத் தண்ணீரில் போட்டால், அது குறுக்களவில் விரியாமல் தடிப்பில் மட்டும் பல மடங்கு பெருகும். இழைகள் நீளத்தில் இழுபடுவதில்லை, பாய்கள்தாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இயல்பான தடிப்பில் இருக்கும்போது நடுப்படலம் நீரை உறிஞ்சும் விசையை அழுத்தமாக அளந்தால் அது 55 முதல் 60 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை இருக்கிறது; கண்ணுக்குள் இருக்கும் இயல்பான அழுத்தம் 15 மில்லிமீட்டர் அளவே. ஆகவே கருவிழி எந்நேரமும் தாகத்தோடு இருக்கும் ஒரு பொருள். அதன் எடையில் 78 விழுக்காடு நீராக இருந்தும் அந்தத் தாகம் தணிவதில்லை.

இத்தகைய பொருளைச் சுற்றி நீர்புகாத சுவர் எழுப்பிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். மேலடுக்கு உண்மையில் அப்படித்தான் இருக்கிறது. அதன் வெளிவரிசைச் செல்கள் விளிம்போடு விளிம்பு இறுகப் பிணைந்து கண்ணீரை உள்ளே விடுவதில்லை. உள்ளடுக்கில் அதைச் செய்ய முடியாததற்குக் காரணம் உணவு. ஒளிக்குத் தடையாகிவிடும் என்பதால் கருவிழியில் இரத்தக் குழாய்களே இல்லை. ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்து வருகிறது. குளுக்கோசும் அமினோ அமிலங்களும் முன்விழித் திரவத்திலிருந்து உள்ளடுக்கின் வழியாக வந்து, நடுப்படலத்தைக் கடந்து, மேலடுக்கைச் சேர வேண்டும். ஆகவே உள்ளடுக்குச் செல்களின் பிணைப்புகள் வேண்டுமென்றே தளர்வாக அமைந்திருக்கின்றன. அந்த இடுக்குகளின் வழியே சத்தும் வருகிறது, கூடவே நீரும் கசிகிறது. கசிவும் இறைப்பும் சமநிலையில் நிற்பது என்று கண்மருத்துவ நூல்கள் இதைச் சொல்கின்றன. ஓட்டைத் தோணியில் நீர் இறைப்பவரோடு இதை ஒப்பிடுவது வழக்கம்தான் என்றாலும் ஒப்புமை முழுமையாகப் பொருந்தாது. தோணிக்கு ஓட்டை குறை, கருவிழிக்கோ அந்த ஓட்டைதான் சோறு வரும் வழி.

இறைப்பு என ஒன்று நடக்கிறது என்பதே நெடுங்காலம் ஐயத்துக்குரியதாக இருந்தது. ஜெர்மனியின் தியோடோர் லெபர், உள்ளடுக்கு நீங்கினால் கருவிழி வீங்கும் என்பதை 1873-இலேயே காட்டியிருந்தார். ஆனால் அதை வெறும் தடுப்புச் சுவராகவே பின்வந்தோரும் கருதினர். கருவிழியின் இருபுறமும் உள்ள கண்ணீரும் முன்விழித் திரவமும் உப்புச்செறிவு கூடியவையாக இருப்பதால் சவ்வூடு பரவல் முறையில் நீர் தானாகவே வெளியே இழுக்கப்படுகிறது என்று கோகன், கின்சி ஆகிய அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1942-இல் கூறினர். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து செல்வதே சவ்வூடு பரவல் என்பதால், இக்கருத்தின்படி செல்கள் உழைக்க வேண்டியதே இல்லை. இதைக் கலைத்தது ஒரு குளிர்பதனப் பெட்டி என்று சொன்னால் மிகையாகாது. எடுக்கப்பட்ட விலங்குக் கண்களைக் குளிரில் வைத்தால் கருவிழி தடித்துப்போகிறது, மீண்டும் உடல்வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் அது தானே மெலிந்து பழைய நிலைக்கு வருகிறது என்பதை 1955-இல் ஹியூ டேவ்சனும், தனியாக ஹாரிஸ், நார்ட்குவிஸ்ட் ஆகியோரும் வெளியிட்டனர். வெறும் உப்புச்செறிவுதான் காரணம் என்றால் குளிரும் வெப்பமும் இத்தனை வேறுபாட்டை உண்டாக்கக் கூடாது; உயிருள்ள செல்களின் வேதிவினை குளிரில் முடங்கி வெப்பத்தில் மீள்கிறது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

அந்த வேலையைச் செய்வது மேலடுக்கா உள்ளடுக்கா என்பதை 1972-இல் மாரிஸே தீர்த்துவைத்தார். முயலின் கருவிழியிலிருந்து மேலடுக்கை நீக்கி, உள்ளடுக்கு மட்டும் உயிரோடு இருக்கும்படி அமைத்துப் பார்த்தபோது, நடுப்படலத்தின் பக்கத்திலிருந்து முன்விழித் திரவத்தின் பக்கத்துக்கு நீர் நகர்வதை அவர் நேராக அளந்தார். முயல் கருவிழியில் கிடைத்த அளவுகள் பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு ஐந்தாறு மைக்ரோலிட்டர் என்ற அளவில் உள்ளன. மைக்ரோலிட்டர் என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டே 40, 50 மைக்ரோலிட்டர் இருக்கும். அப்படியானால் ஒரு கருவிழி ஒரு சொட்டை இறைக்க எட்டு மணி நேரத்துக்குமேல் ஆகிறது, நாள் முழுவதற்கும் மூன்று சொட்டுதான் என்று இதைத் துச்சமாக நினைக்க இடமுண்டு. ஆனால் 5 மைக்ரான் உயரமுள்ள செல்வரிசையின் கொள்ளளவே சதுர சென்டிமீட்டருக்கு அரை மைக்ரோலிட்டர்தான் என்பதைக் கணக்கில் கொண்டால், ஒவ்வொரு செல்லும் தன் உடலளவு நீரை ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை அப்புறப்படுத்துகிறது என்பது புலப்படும்.

இங்கே கவனிக்க வேண்டியது, நீரைப் பிடித்துத் தள்ளும் கருவி எதுவும் எந்தச் செல்லிலும் இல்லை என்பதே. செல்கள் கடத்துவது அயனிகளை. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. அந்தக் கடத்தலுக்கு ஆற்றல் தருவது, சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ் என்னும், செல் சவ்வில் பதிந்திருக்கும் நொதி. செல்லின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்வது அதன் வேலை. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ நண்டின் நரம்பில் இந்நொதியைக் கண்டறிந்து வெளியிட்டதும் 1957-இல்தான். நாற்பதாண்டுகள் கழித்து 1997-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கருவிழியின் உள்ளடுக்குச் செல் ஒன்றின் பக்கச்சுவர்களில் இத்தகைய நொதிகள் பத்து இலட்சத்துக்கும் மேல் பதிந்துள்ளன. அவற்றுக்கு இடம் போதவேண்டும் என்பதற்காகவோ என்னவோ, அண்டைச் செல்களின் சுவர்கள் நேராக இல்லாமல் விரல்கோத்தாற்போல வளைந்து வளைந்து செல்கின்றன. ஆப்பிரிக்காவில் அம்புமுனையில் தடவும் நஞ்சாகப் பயன்பட்ட தாவரங்களிலிருந்து கிடைக்கும் ஓவபெய்ன் இந்நொதியை முடக்கவல்லது. அதை உள்ளடுக்கின்மேல் செலுத்தினால் இறைப்பு நின்று கருவிழி வீங்கத் தொடங்குகிறது.

சோடியத்தை வெளியேற்றுவதோடு கதை முடிவதில்லை, தொடங்குகிறது. செல்லுக்குள் சோடியம் குறைந்துகொண்டே இருப்பதால், வெளியிலுள்ள சோடியம் உள்ளே நுழையத் துடிக்கிறது. அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டு, தனியாகப் போனால் நுழைய முடியாத அயனிகளைச் செல் தன்னுள் அழைத்துக்கொள்கிறது. திருமணக் கூட்டத்தில் வேண்டியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழைப்பில்லாதவரும் பந்தியில் அமர்ந்துவிடுவதைப் போன்றது இது. நடுப்படலத்தின் பக்கமுள்ள சவ்வில், சோடியத்தோடு பைகார்பனேட் அயனியைச் சேர்த்து உள்ளே கொண்டுவரும் கடத்திப் புரதம் ஒன்று இருக்கிறது. குளோரைடைச் சேர்த்து அழைத்துவரும் வேறொன்றும் இருக்கிறது. கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துப் பைகார்பனேட்டாக மாற்றும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியும் இச்செல்களில் மிகுதி. செல்லைச் சூழ்ந்த கரைசலிலிருந்து பைகார்பனேட்டை நீக்கினால் இறைப்பு படுத்துவிடுகிறது என்பது 1970களின் முயல் ஆய்வுகளில் தெளிவாயிற்று; ஹாட்சன், மில்லர் ஆகியோர் 1976-இல், பைகார்பனேட் அயனிகளின் ஓட்டமே நீரோட்டத்தின் மூலம் என்று வாதிட்டனர். உள்ளடுக்கின் இருபுறமும் மின்கம்பி வைத்து அளந்தால் முன்விழித் திரவத்தின் பக்கம் அரை மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னூட்டமாக இருப்பதும், எதிரயனிகள் அந்தப் பக்கம் செல்கின்றன என்ற கருத்துக்கு ஒத்துவந்தது. ஆனால் உள்ளே வந்த பைகார்பனேட் எந்த வாசல் வழியாக முன்விழித் திரவத்துக்குள் இறங்குகிறது என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் உடன்பாடில்லை.

இந்த இடைவெளியில்தான் லாக்டேட் வந்து நுழைந்தது. கருவிழிக்குக் கிடைக்கும் குளுக்கோசின் பெரும்பங்கு ஆக்சிஜனோடு முழுமையாக எரிவதில்லை. அது லாக்டிக் அமிலமாகவே முடிகிறது; அவ்வமிலத்தின் அயனி வடிவமே லாக்டேட். மேலடுக்கு இறுகப் பிணைந்தது என்பதால் இந்தக் கழிவு கண்ணீருக்குள் போக வழியில்லை. நடுப்படலத்தின் வழியே பின்னோக்கி இறங்கி உள்ளடுக்கைக் கடந்துதான் வெளியேற வேண்டும். உள்ளடுக்கின் இரு முகங்களிலும் லாக்டேட்டையும் அதனோடு ஒரு ஹைட்ரஜன் அயனியையும் இணைத்துக் கடத்தும் புரதங்கள் இருக்கின்றன என்று கண்ட அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் பொனான்னோவும் அவர் குழுவினரும், பைகார்பனேட்டின் பணி ஹைட்ரஜன் அயனிகளின் அமிலத்தன்மையைச் சமன்செய்து லாக்டேட்டின் ஓட்டத்துக்கு வழிவிடுவதே என்றும், நீரை இழுத்துச் செல்வது அந்த லாக்டேட்டே என்றும் கருத்துரைத்தனர். சமையலறையின் கழுநீரே தோட்டத்து வாய்க்காலை ஓடவைப்பது போன்ற ஏற்பாடு இது. உடல் தன் குப்பையைக்கூட வீணாக்குவதில்லை என்பதால், வேறு சான்றுகளுக்கு அப்பால் இக்கருத்துக்கு ஒரு தனி அழகும் இருக்கிறது.

அயனி போனால் நீர் பின்னே போகும் என்று சொல்வது எளிது. எந்த வழியாக என்பது அத்தனை எளிதன்று. செல் சவ்வில் நீர் மட்டும் புகுந்து செல்லும் அக்குவாபோரின் என்னும் வாயில்கள் இருப்பதைப் பீட்டர் ஆக்ரே கண்டறிந்து 2003-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வகையில் முதலாவதான அக்குவாபோரின்-1 கருவிழியின் உள்ளடுக்கில் நிறையவே இருக்கிறது. அந்த வாயில் இல்லாமல் பிறக்கச் செய்யப்பட்ட எலிகளின் கருவிழி, நீர் தேங்கித் தடித்துப்போயிருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, மெலிந்தே காணப்பட்டது. செயற்கையாக வீங்கவைத்த பின் மீள்வதற்கு மட்டும் கூடுதல் நேரம் பிடித்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹோர்ஹே பிஷ்பார்க், செல்லுக்குள் புகாமல் செல்களுக்கு இடைப்பட்ட இடுக்கின் வழியே, மின்னோட்டம் நேரயனிகளை இழுக்க அவற்றோடு நீரும் இழுபடுகிறது என்று முற்றிலும் வேறான ஒரு விளக்கம் தந்தார். இவற்றையெல்லாம் பார்க்கும்போது, மருத்துவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'பம்பு' என்ற சொல் வசதியானதே தவிரத் துல்லியமானதன்று எனத் தோன்றுகிறது.

மேலடுக்கும் சும்மா இருப்பதில்லை. அதன் செல்கள் குளோரைடு அயனிகளைக் கண்ணீரின் பக்கம் கடத்துகின்றன என்பதைத் தவளையின் கருவிழியில் ஹோசே சதுனைஸ்கி 1966-இல் காட்டினார். மனிதரில் இந்தக் கடத்தலால் வெளியேறும் நீர் சொற்பம். அதைவிடப் பெரிய உதவி காற்றினுடையது. கண்ணீர் ஆவியாகும்போது எஞ்சிய கண்ணீரின் உப்புச்செறிவு கூடி, நடுப்படலத்திலிருந்து சிறிது நீரை முன்பக்கமாக இழுத்துக்கொள்கிறது.

இமை மூடினால் அந்த உதவி நின்றுவிடுகிறது, ஆக்சிஜன் வரவும் குறைகிறது. அதனால் நல்ல கண்ணுள்ளவர்களுக்கும் இரவுத் தூக்கத்தில் கருவிழி நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தடித்து, விழித்துச் சிறிது நேரத்தில் பழைய நிலையை அடைகிறது. கான்டாக்ட் லென்சைக் கழற்றாமல் தூங்கினால் ஆக்சிஜன் மேலும் குறைந்து, மேலடுக்கு கூடுதலாக லாக்டேட்டை உண்டாக்க, அது நடுப்படலத்தில் தேங்கி நீரை இழுத்து வீக்கத்தை மிகுவிக்கிறது. கண்ணுள் அழுத்தம் திடீரென ஏறும்போதோ கணக்கு வேறுவிதமாகப் பிசகுகிறது. நடுப்படலத்தின் உறிஞ்சும் அழுத்தத்தைக் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் மிஞ்சிவிட்டால், உள்ளடுக்கு நன்றாக இருந்தாலும் நீர் மேலடுக்குவரை தள்ளப்பட்டு நுண்துளிகளாகத் தேங்குகிறது. தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வது, அந்தத் துளிகளில் ஒளி சிதறுவதால் நேர்வது.

இத்தனை பணிகளைச் சுமக்கும் உள்ளடுக்குச் செல்கள் மனிதரில் மீண்டும் பிரிந்து பெருகுவதில்லை. இளம் வயதில் சதுர மில்லிமீட்டருக்கு 3,000 அளவில் இருப்பவை ஆண்டுக்கு அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வீதத்தில் குறைந்துகொண்டு வருகின்றன. ஒரு செல் உதிர்ந்தால் அண்டைச் செல்கள் அகன்று அந்த இடத்தை மூடுகின்றன. ஸ்பெக்குலர் நுண்ணோக்கி என்னும் கருவியில், கண்ணைத் தொடாமலே இந்த வரிசையைப் படம் எடுத்துவிடலாம். நலமான கண்ணில் அது தேனடையைப்போல ஒத்த அளவு அறுகோணங்களாகத் தெரியும். செல் இழந்த கண்ணில் பெரிதும் சிறிதுமாக, கோணம் தப்பிய கட்டங்களாகத் தெரியும். எண்ணிக்கை 500 முதல் 800-க்குக் கீழே போனால் இறைப்பு கசிவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கருவிழி நிலையாக வீங்கிவிடுகிறது. கண்புரை அறுவையில் மருத்துவர்கள் காட்டும் எச்சரிக்கையில் பாதி இந்தச் செல்களுக்காகத்தான்: பிசுபிசுப்பான ஜெல் ஒன்றைச் செலுத்தி உள்ளடுக்குக்குக் கவசமிடுகிறார்கள், வெறும் உப்புக் கரைசல் செல்களைச் சேதப்படுத்தும் என்பது தெரிந்தபின், பைகார்பனேட்டும் குளுக்கோசும் கால்சியமும் சேர்ந்த கழுவுநீர்மங்கள் வந்தன. அயனிக் கடத்தலைப் பற்றிய ஆய்வு அறுவை அரங்குக்குள் நேராக நுழைந்த இடம் இது.

வியன்னாவின் எர்ன்ஸ்ட் புக்ஸ் 1910-இல், முதியவர்களின் இரு கண்களிலும் மெல்லப் பரவும் ஒரு மங்கலை விவரித்து, அதை மேலடுக்கின் நோய் என்று பெயரிட்டார். ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கருவிழியை அடுக்கடுக்காகப் பார்க்கும் பிளவுவிளக்கு அப்போது வந்திருக்கவில்லை. அவர் கண்டது முன்புறத்துக் கொப்புளங்களை, நோயோ பின்புறத்தில் இருந்தது. இன்று அவர் பெயராலேயே வழங்கும் அந்நோயில், உள்ளடுக்குச் செல்கள் காலத்துக்கு முன்பே உதிர்ந்து, டெசிமெட் படலத்தில் முண்டுமுண்டான மேடுகள் எழுகின்றன. நோயாளிக்குக் காலையில் எழுந்தவுடன் பார்வை பனிமூட்டமாக இருந்து, உச்சிப்பொழுதை நெருங்கத் தெளியும். இரவெல்லாம் நின்றிருந்த ஆவியாதல் மீண்டும் தொடங்குவதே காரணம். தலைமுடி உலர்த்தும் கருவியைக் கைநீட்டும் தொலைவில் பிடித்து, முகத்தின்மேல் காற்று மெல்லப் படும்படி காட்டச் சொல்வதும், 5 விழுக்காடு உப்புச்செறிவுள்ள சொட்டு மருந்தை விடச் சொல்வதும், இயங்கத் தவறிய செல்களின் வேலையைக் காற்றிடமும் உப்பிடமும் ஒப்படைக்கும் உத்திகள்.

தென்னிந்தியக் குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான நோய் ஒன்றுண்டு. பிறந்த குழந்தையின் இரு கருவிழிகளும் தேய்த்த கண்ணாடியைப்போல நீலம் கலந்த வெண்மையோடு, இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு தடித்திருக்கும் பிறவி உள்ளடுக்கு நோய்க்கு, எஸ்எல்சி4ஏ11 என்னும் மரபணுவின் பழுது காரணம் என்று 2006-இல் கண்டறியப்பட்டது; உள்ளடுக்குச் செல்களின் சவ்வில் இருந்து அயனிகளைக் கடத்தும் புரதம் ஒன்றுக்கான மரபணு அது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான படி ஒவ்வொன்று வந்தால்தான் நோய் தோன்றும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

கண்தானத்தில் கேட்கப்படும் சிறு சிறு வேண்டுகோள்களும் கருவிழியின் இந்த இரண்டு அடுக்குகளையே சுற்றி வருகின்றன. இறந்தவரின் இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பவை மேலடுக்கு உலராமல் இருப்பதற்கு. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது உள்ளடுக்குச் செல்கள் உயிரோடு கிடைப்பதற்கு. எடுத்த கருவிழியைப் பாதுகாப்பு நீர்மத்தில் 4 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கிறார்கள். மதுரையின் ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்ற நீர்மங்களில் அது பதினான்கு நாள்வரை தாங்கும். அந்தக் குளிரில் இறைப்பு நின்றுவிடுவதால் கருவிழி தடிக்கிறது. மாற்றுச் சிகிச்சைக்கு மறுநாள் கண் சற்றே மங்கலாக இருந்து, உடல்வெப்பத்தில் செல்கள் விழித்தெழ எழத் தெளிவடைவது, 1955-இல் ஆய்வுக்கூடத்தில் கண்ட அதே காட்சிதான்.

எடுவர்ட் சிர்ம் 1905-இல் ஒலொமோட்ஸ் நகரில் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றைச் செய்தபோதும், அதன்பின் பல பத்தாண்டுகளும் முழுத் தடிப்பையே மாற்றினார்கள். உள்ளடுக்கு மட்டும் கெட்டவருக்கு உள்ளடுக்கை மட்டும் மாற்றலாம் என்பதை நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் படிப்படியாக நடைமுறைப்படுத்தினார். தானமாக வந்த டெசிமெட் படலத்தை அதன் செல்களோடு உரித்தால், அது ஓலைச்சுருளைப்போல உடனே சுருண்டுகொள்ளும். நீலச் சாயம் ஏற்றி, சிறு கீறலின் வழியே கண்ணுக்குள் செலுத்தி, விரித்து, அடியில் ஒரு காற்றுக்குமிழியை ஊதி மேலே ஒட்டவைக்கிறார்கள். ஜப்பானின் கியோத்தோவில் ஷிகேரு கினோஷிதா குழுவினர், கண்ணுக்குள் பெருகாத இச்செல்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் மருந்தோடு கலந்து, சுமார் பத்து இலட்சம் செல்களை ஊசியால் முன்விழித் திரவத்துக்குள் செலுத்தி, பதினொருவருக்குக் கிடைத்த பலனை 2018-இல் வெளியிட்டனர். 2023-இல் அந்நாட்டு அரசு இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. படலம் மாற்றப்பட்டவர் குமிழி மேலே எழும்பித் தாங்குவதற்காக மல்லாந்து கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். ஊசியால் செல்களைப் பெற்றவர், அவை நீரில் மிதந்து இறங்கிக் கருவிழியின் உட்புறத்தில் படிவதற்காக, மூன்று மணி நேரம் குப்புறப் படுத்திருக்கிறார்.